பலூன் இல்லாத மெஷின்

அத்தியாயம் ஏழு

சம்பந்தி நாற்காலியைக் காட்டவில்லை. பெரியவரும் உட்காரவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிர்ந்த முதுகு, இந்தப் பக்கம் ஒரு நிமிர்ந்த முதுகு. நடுவில், கையெழுத்து மட்டும் பாக்கியாக ஒரு கடிதம்.

"நாலு மணிக்கு நில அளவை அதிகாரி வர்றாங்க," என்றார் சம்பந்தி. "அவங்க கையில ஒரு பேரைக் கொடுத்தாகணும். உங்ககிட்ட மறைக்க விரும்பல. உங்க பொண்ணு பேர்தான்."

"இன்னிக்கு என் பொண்ணு. போன வாரம் வரைக்கும் உங்க மருமகள்."

"அந்த மரியாதைக்குத்தான் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்றேன். வேற ஆளா இருந்தா நேரா போலீஸ்தான்."

பெரியவருக்குக் காது மடல் சுட்டது. எரிந்த கடைகளில் சாம்பலைக் கிளறி, தானாகப் பிடித்த தீயா, வைத்த தீயா என்று சொல்வதுதான் அவர் ஆயுள் முழுக்கப் பார்த்த வேலை. இன்ஷூரன்ஸ் கம்பெனியை விட்டு வந்த பிறகும் சிக்கலான வழக்குகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருந்தன. எத்தனையோ குடும்பங்களின் மானம் அவருடைய அறிக்கையால் நின்றிருக்கிறது, விழுந்தும் இருக்கிறது. தன் வீட்டு மானம் இன்னொருவர் மேசையில் ஒற்றைத் தாளாகக் கிடப்பதை இன்றுதான் பார்க்கிறார்.

"நாலு மணிக்குள்ள நான் ஆளைக் காட்டினா?"

"காட்டுங்க. உங்க கண் முன்னாலேயே இதைக் கிழிச்சுடறேன். ஆனா ஒண்ணு. வாடகைக்கு இருக்கிற யாரோட மெஷினுக்குள்ளயும் எட்டிப் பார்க்கக் கூடாது. கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல நான் கொடுத்த வாக்கு அது. என் தலை போனாலும் அது போகாது."

"உங்க வாக்கை நான் மீற மாட்டேன்," என்றார் பெரியவர். அந்த ஒரு விஷயத்தில் சம்பந்தியை அவருக்குப் பிடித்திருந்தது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

படி இறங்கும்போது மச்சினன் வாயைத் திறந்தான். பெரியவரின் மனைவிக்குத் தம்பி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அத்தான் எந்த வழக்குக்குப் போனாலும் கூடவே போவான். போகாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது மௌனம்தான்.

"அத்தான், உங்க சம்பந்தி முதுகுக்குள்ள ஸ்கேல் வச்சுத் தைச்சிருக்காங்களா?"

"சும்மா வா."

"உங்களுக்கும் அதே தையல்காரர்தான் போல."

பெரியவர் அடுத்த படியில் இறங்கினார். விஷயத்தை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். புதிய வட்டச் சாலைக்கு அளவைத் துறை ஒரு வரைபடம் தயாரித்தது. முதல் வரைவில் சாலை ஏரிக்கரையை ஒட்டி வளைந்து போனது. பிறகு அந்த வளைவே வேண்டாம் என்று அடித்துவிட்டு, சாலையை நேராக்கினார்கள். ஆனால் யாரோ ஒருவன் பினாமி பேரில், அந்த ஏரிக்கரை வளைவு நெடுக நிலம் வாங்கிப் போட்டிருக்கிறான். ரோடு வராத இடத்தில் ரோட்டோர நிலம்! கைவிடப்பட்ட முதல் வரைவைப் பார்த்தவன் மட்டுமே அந்தக் கோட்டில் நிலம் வாங்குவான். அந்த வரைவு இருந்ததோ சம்பந்தியின் கம்பெனி வாடகைக்கு விட்டிருந்த கம்ப்யூட்டர் மெஷின் ஒன்றில். அங்கே எல்லாக் கதவுக்கும் மேல்சாவி வைத்திருப்பவள் அவர் மகள்.

மெஷின் அறைக்குள் நுழைந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. மின்விசிறிகளின் இரைச்சலில் சாதாரணமாகப் பேசினால் கேட்காது. மகள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கதவோரத்தில் உட்கார்ந்திருந்தாள். பொறுப்பாளர் என்று பெயர். மேசையோ, துடைப்பம் வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில்.

"கடிதத்தைப் படிச்சீங்களாப்பா?"

"படிக்கல. நீ எடுத்தியா?"

"இல்ல."

"போதும்." அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. "மேல்சாவி உன்கிட்ட இருக்கே. ஒவ்வொரு மெஷினாத் திறந்து பார்த்து, எவன்கிட்ட அந்த வரைபடம் இருக்குன்னு சொல்லிடேன்."

"பார்த்தா, பார்க்கிறவள்னு ஆயிடும். இத்தனை நாள் நான் பார்க்கலைங்கிறதுதானே என்கிட்ட இருக்கிற ஒரே சாட்சி?"

மச்சினன் அறையை ஒரு சுற்றுப் பார்த்தான். "பதினாறு மெஷின் ஓடுதுன்னாங்க. இங்க ஒரே ஒரு பீரோதானே நிக்குது?"

"அதான் சின்ன மாமா, அந்த ஒண்ணுக்குள்ளதான் பதினாறும் இருக்கு. ஒவ்வொண்ணும் தான் தனி வீடுன்னு நினைச்சுக்கிட்டிருக்கும். பக்கத்துல ஆள் இருக்கிறதே அதுக்குத் தெரியாது. நினைவகத்தை நோட்டு மாதிரி பக்கம் பக்கமாப் பிரிச்சிருக்கு. தன்னோடது முதல் பக்கத்துல ஆரம்பிக்குதுன்னு நம்பும். பதினாறும் அப்படித்தான் நம்பும். எது நிஜமா எங்க இருக்குங்கிற அட்டவணை மேல, என் பக்கம் இருக்கு."

"பதினாறு பேருக்கும் போதுற அளவுக்கு நினைவகம் இருக்கா?" என்றார் பெரியவர்.

மகள் ஒரு கணம் தயங்கினாள். "இல்லப்பா. இருக்கிறதை விட அதிகமாத்தான் வித்திருக்கோம். எல்லாரும் ஒரே நேரத்துல முழுசாக் கேட்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை."

மச்சினன் முகம் மலர்ந்தது. "இது என் தொழில்! சீட்டை எண்ணிப் பார்த்தா டிக்கெட் கிழிப்பாங்க? சரி, நடுவழியில எல்லாரும் உட்கார இடம் கேட்டா?"

"ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் ஒரு பலூன் இருக்கு. மேல இடம் பத்தலைன்னா நான் அந்தப் பலூனை ஊதச் சொல்வேன். உள்ள நெருக்கடி வரும். தனக்குள்ளயே ஏதோ ஒண்ணு இடத்தைக் கேட்குதுன்னு நினைச்சு அந்த மெஷின் வேண்டாத பக்கங்களை விட்டுக் கொடுக்கும். அதை நான் துடைச்சுட்டு இன்னொருத்தருக்குக் கொடுத்துடுவேன்."

"உள்ள தள்ளிப் போங்க சார், உள்ள தள்ளிப் போங்க! இதைத்தானேம்மா நான் ஆயுசு பூரா கத்தினேன்? பலூன்னு ஒரு பேரு வைக்கத் தெரியல."

பெரியவர் சிரிக்கவில்லை. சாம்பலைக் கிளறும்போது விரல் நுனியில் ஏதோ தட்டுப்படுமே, அது இப்போது தட்டுப்பட்டது. "இடம் மிச்சம் பிடிக்க வேற என்ன வழி வச்சிருக்கீங்க?"

"ஒரே மாதிரி பக்கம் ரெண்டு மெஷின்ல இருந்தா, ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு ரெண்டு பேருக்கும் அதையே காட்டும். யாராவது அதுல எழுதப் போனா, அந்த நிமிஷம் அவருக்குத் தனி நகல் எடுத்துக் கொடுத்துடும். இதுக்குன்னு ஒரு நிரல் மேலயே ராத்திரி பகலா சுத்திக்கிட்டிருக்கும். என்ன எழுதியிருக்குன்னு யாருக்கும் சொல்லாது. ஒரே மாதிரியா இல்லையான்னு மட்டும்தான் பார்க்கும். எந்த மெஷின்ல எத்தனை பக்கம் சேர்ந்ததுன்னு எனக்குக் கணக்கு வரும்."

"அளவைத் துறை மெஷின்?"

"விசாரணை முடியற வரைக்கும் அணைச்சு வச்சிருக்காங்க."

"அந்த முதல் வரைவு உன்கிட்ட இருக்கா?"

"தேடிப் பார்க்கச் சொல்லி அதிகாரி அம்மாவே ஒரு பிரதி கொடுத்துட்டுப் போனாங்க. எங்க போய்த் தேடறது?"

"தேட வேண்டாம்." பெரியவர் குரல் தாழ்ந்தது. "புதுசா ஒரு மெஷின் உண்டாக்கு. யாருக்கும் சொந்தமில்லாத மெஷின். அதுக்குள்ள இந்தப் படத்தை மட்டும் வை. உன் நிரல் சுத்தி வரட்டும். எவன் வீட்டுல இதே படம் இருக்கோ, அவன் பக்கமும் இந்தப் பக்கமும் ஒண்ணாச் சேரும். நாம யார் வீட்டுக்குள்ளயும் போகல. கதவைக் கூடத் தட்டல."

மகள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

"திருடன் படத்தை எப்பவோ அழிச்சிருப்பானே?" என்றான் மச்சினன்.

"அவங்க உள்ள அழிச்சா எனக்குத் தெரியாது சின்ன மாமா. 'இந்தப் பக்கம் காலி'ன்னு அந்த மெஷின் தனக்குத்தானே குறிச்சுக்கும், அவ்வளவுதான். வேற ஏதாவது மேல எழுதற வரைக்கும் பழசு அப்படியே கிடக்கும். பலூன் ஊதி அந்தக் காலிப் பக்கத்தை நான் பிடுங்கினாத்தான், இல்ல மெஷினையே மேலேருந்து அணைச்சாத்தான், சுத்தமாத் துடைபடும்."

"எல்லா மெஷினுக்கும் ஊதறியா?" என்றார் பெரியவர்.

"தினமும் ஊதறேன். ஒண்ணைத் தவிர." திரையில் கடைசி வரியைக் காட்டினாள். "அது வீட்டு மெஷின். குடும்பத்தோடது. 'எங்க மெஷினை எவனும் நெருக்கக் கூடாது, கொடுத்த இடம் கொடுத்தபடி இருக்கணும்'னு என் மாமனாரோட உத்தரவு."

"பார்றா, முதலாளிக்கு ஜன்னலோர சீட்டு. அதுல உனக்கு என்னம்மா வேலை?"

"அதுல எனக்கு வேலை இல்ல," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

கதவு திறந்தது. மாப்பிள்ளை வந்தார். மாமனாரைப் பார்த்துக் கும்பிட்டார், கொஞ்சம் அதிகமாகவே குனிந்து. நெற்றியில், அந்தக் குளிரிலும், வேர்வை.

"மாமா வாங்க. மேல வந்து உட்காருங்களேன், இந்தக் குளிர்ல எதுக்கு நிக்கறீங்க?" பிறகு மனைவியிடம் திரும்பினார். "கேளும்மா... எங்க மெஷின் ரொம்ப மெதுவா இருக்கு. ஒரு தடவை மேலேருந்து அணைச்சுட்டு மறுபடி போட்டுடேன்."

"கொஞ்ச நேரம் ஆகட்டுங்க. ஒரு வேலை ஓடிக்கிட்டிருக்கு."

"ஒரு நிமிஷ வேலைதானேம்மா? ப்ளீஸ்."

"நாலு மணிக்கு அப்புறம்."

மாப்பிள்ளை இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமனாரின் பார்வை தன் மேல் இருப்பதைக் கண்டதும் மென்று விழுங்கிவிட்டு வெளியே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"ரொம்ப மரியாதை தெரிஞ்ச பிள்ளை," என்றான் மச்சினன். "என் பஸ்ல டிக்கெட் எடுக்காதவனுங்க எல்லாம் இதே மரியாதையோடதான் 'அண்ணே'ம்பாங்க."

"வாயை மூடு," என்றார் பெரியவர். ஆனால் அவர் கண் கதவிலேயே இருந்தது.

திரையில் வரிசையாக எண்கள். மகள் உண்டாக்கிய புது மெஷின் அடியில் ஒரு வரியாக வந்து நின்றது. நிரல் சுற்ற ஆரம்பித்தது. பத்திரிகைக்காரர் மெஷின் அசையவில்லை. மருந்துக்கடை மெஷின் அசையவில்லை. பள்ளிக்கூடம், பயணச் சீட்டு அலுவலகம், எதுவும் கொஞ்சமும் அசையவில்லை. மச்சினன் கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வீட்டு மெஷினின் எண் ஏறத் தொடங்கியது.

கொஞ்சம் கொஞ்சமாக அல்ல. படி ஏறும் ஆள் போல, நிற்காமல், ஏறிக்கொண்டே போனது. அதே வேகத்தில் புது மெஷினின் எண்ணும் ஏறியது.

"அம்மாடி," என்றான் மச்சினன். "ஊர்ல உள்ளவனை எல்லாம் பலூன் ஊதித் துடைச்சுட்டாங்க. தன் வீட்டை மட்டும் துடைக்கக் கூடாதுன்னு அவரே உத்தரவு போட்டிருக்காரு."

பெரியவருக்கு நெஞ்சு விம்மியது. என் பெண் சுத்தம். அந்த ஒரு எண்ணம் மட்டும்தான் அவருக்குள் இருந்தது. மகள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பார்த்திருந்தால், அதில் ஆச்சரியம் இல்லை என்பது தெரிந்திருக்கும்.

நாலு மணிக்கு நில அளவை அதிகாரி வந்தார். ஒல்லியான அம்மாள்; கையில் குடை, காலில் சேறு அப்பிய செருப்பு. மெஷின் அறையிலேயே எல்லோரும் கூடினார்கள். மாப்பிள்ளை கதவோரமாக நின்றார். மகள் எண்களைக் காட்டினாள். இரைச்சலை மீறிப் பெரியவர்தான் விளக்கினார். எந்த வீட்டுக் கதவையும் திறக்காமல் திருட்டுப் பொருள் இருக்கும் வீட்டைக் கண்டுபிடித்த விதத்தை, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னார்.

அதிகாரி தலையை ஆட்டினார். "நல்லாப் புரியுது. ஆக, வரைவு வெளியே போனது இந்த ஒரு மெஷின் வழியா. இது யாரோடது?"

சம்பந்தி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டு மெஷின்."

"வீட்டுல யாரு?"

"வீட்டுல..." சம்பந்தியின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. "நான், என் மகன், என் மருமகள். நானும் என் மகனும் இந்த வீட்டு ரத்தம். வெளியே இருந்து வந்தது ஒருத்திதான். பேரை நான் தனியாச் சொல்லணுமா?"

மச்சினன் ஒரு அடி முன்னால் வைத்தான். பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.  அவர் கண்டுபிடித்தது வீட்டை, கையை அல்ல. பதினைந்து வீடுகளைக் கழித்து, மகளை அந்த ஒரே வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது அவருடைய சாமர்த்தியம்தான். இத்தனை வருடத் தொழிலில் தன் அறிக்கையே தன் கழுத்தைச் சுற்றுவதை அவர் கண்டதில்லை.

"மாமா," என்றாள் மகள். குரல் உயரவில்லை. "நான் கல்யாணமாகி வந்த மாசம் இந்த மெஷினைப் போட்டோம். ஞாபகம் இருக்கா? எனக்கும் உள்ள நுழைய ஒரு சாவி வேணும்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

சம்பந்தி சட்டைப் பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"'அது வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்'னு சொன்னீங்க. அப்புறம் ரெண்டு தடவை கேட்டேன். 'ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறே'ன்னு கோபப்பட்டீங்க. அப்புறம் கேட்கவே இல்ல." அதிகாரியிடம் திரும்பினாள். "மேடம், அந்த மெஷினோட டிஸ்க் பூட்டி இருக்கு. அதுக்குச் சாவி ரெண்டுதான். என் மேல்சாவியால மத்த மெஷின் எல்லாம் திறக்கும். இதை அணைக்கலாம், மறுபடி போடலாம், அவ்வளவுதான். உள்ள ஒரு படத்தைக் கொண்டு போய் வைக்க எனக்கு வழி இல்ல. எட்டு வருஷத்துல அதுக்குள்ள என் பேரே கிடையாது. வேணும்னா இப்பவே பாருங்க."

அதிகாரி குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அந்த ரெண்டு சாவி யார்கிட்ட?" என்றார் அதிகாரி.

சம்பந்தி மகனைப் பார்த்தார். ஒரு சொல் பொய் சொன்னால் போதும்; மூன்றாவது சாவி ஒன்று இருந்தது என்றால் யாரால் மறுக்க முடியும்? பெரியவர் அந்த முகத்தைப் பார்த்தார். அந்தப் பொய் அதன் ஓரத்தில் வந்து நின்றதும் தெரிந்தது, திரும்பிப் போனதும் தெரிந்தது.

"ஒண்ணு என்கிட்ட இருக்கு," என்றார் சம்பந்தி. "நான் கம்ப்யூட்டரைத் தொடறதில்ல. இங்க எல்லாருக்கும் தெரியும்."

"அப்பா..." என்றார் மாப்பிள்ளை.

"பேசாதே. இன்னொரு சாவி உன்கிட்டதான். அளவைத் துறை மெஷினோட காப்பு நகல் டிஸ்க் இருக்கிற அலமாரிச் சாவியும் உன்கிட்டதான். ரெண்டையும் மேடத்துகிட்ட கொடு."

சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். கிழிக்கவில்லை, நாலாக மடித்துத் திரும்பவும் உள்ளே வைத்துக்கொண்டார். பெரியவரைக் கடந்து போகும்போது அவர் கண்ணைச் சந்திக்கவில்லை. தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது.  பெரியவருக்குத் தன்னைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது.

வீட்டு மெஷினின் நினைவகத்தை அப்படியே நகல் எடுத்துக்கொண்டு அதிகாரி கிளம்பினார். மாப்பிள்ளையும் அவர் பின்னால் போக வேண்டியதாயிற்று. அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

"மாப்பிள்ளை வந்து அணைக்கச் சொன்னாரே, அப்பத்தான் உனக்குப் பட்டுதா?" என்று கேட்டார் பெரியவர்.

"இல்லப்பா. முன்னாடியே."

"எப்படி?"

"ரெண்டு மாசமா என்கிட்ட மரியாதையாப் பேசினார். 'கேளும்மா'ன்னார், 'ப்ளீஸ்'ன்னார். அதுக்கு முன்னாடி அப்படி ஒரு நாளும் கிடையாது. ஏதோ பெருசாக் கிடைக்கப் போற சந்தோஷம்னு தெரிஞ்சுது. என்னன்னுதான் தெரியல. வரைவு வெளியே போச்சுன்னு சொன்ன அன்னிக்குப் புரிஞ்சுது."

"அன்னிக்கே என்கிட்ட ஏன் சொல்லல?"

மகள் கம்பளிச் சட்டையின் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்கப்பா?"

பெரியவர் வாயைத் திறந்தார். பதில் தயாராகத்தான் இருந்தது, அவருடைய குரலிலேயே. அந்த வீட்டு விஷயம் அந்த வீட்டோட இருக்கட்டும்மா. நம்ம குடும்பத்துல யாரும் புருஷனைக் காட்டிக் கொடுத்ததில்லை. சாவிக்காக அவள் முதல் முறை அழுத அன்றும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். நல்ல வார்த்தை என்று நினைத்துத்தான் சொன்னார்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

மகள் திரை பக்கம் திரும்பினாள். கடைசி வரியில் விரலை வைத்து ஒரு கட்டளையை அடித்தாள்.

"என்னம்மா பண்றே?" என்றான் மச்சினன்.

"அவங்க வேண்டிய நகலை எடுத்துட்டுப் போயிட்டாங்க. இனிமே இந்த மெஷினுக்கும் பலூன் உண்டு, சின்ன மாமா. எல்லாருக்கும் எவ்வளவோ அவ்வளவுதான் இதுக்கும்."

வீட்டு மெஷினின் இடம் சுருங்க ஆரம்பித்தது. எண்கள் இறங்கிக்கொண்டே போயின.

"உள்ள தள்ளிப் போங்க சார்," என்றான் மச்சினன் மெதுவாக. "உள்ள தள்ளிப் போங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவன் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவும் இல்லை.